ஹீட்டர் இருந்த இடத்து ஓட்டை

அவனுக்குப் பல்லி என்று பேர் வைத்தது அவனுடைய அக்காதான். வேறு யாராவது வைத்திருந்தால் சட்டையைப் பிடித்திருப்பான். பழைய காரின் முன்சீட்டைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, மல்லாந்து படுத்து, தலையை பிரேக் மிதிக்குப் பக்கத்தில் நுழைத்து, காலிரண்டையும் பின்சீட்டின் மேல் தூக்கிப் போட்டுக்கொண்டு டேஷ்போர்டுக்கு அடியில் அவன் கிடந்த கோலத்தை அவள் முதல்முதலாகப் பார்த்த நாள் அது. சாப்பாட்டுத் தூக்கோடு பட்டறை வாசலிலேயே நின்றுவிட்டாள். "மனுஷன் மாதிரியா படுத்திருக்கான்? பல்லி மாதிரியில்ல ஒட்டிட்டிருக்கான்" என்று சொல்லிச் சிரித்தாள். அவ்வளவுதான், அதற்கப்புறம் அவனுடைய சொந்தப் பேர் கல்யாணப் பத்திரிகையில் மட்டும்தான் வந்தது. பெண் வீட்டுக்காரர்கள் அதைப் படித்துவிட்டு, "இது யாரு, மாப்பிள்ளை பேரு பல்லி இல்லையா?" என்று கேட்டார்களாம்.

அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தடுத்துப் போய்விட்டதால் அவனை வளர்த்தது அக்காதான். அவளைக் கட்டிக்கொள்ள வந்தவர் ஏ.சி. மெக்கானிக். தம்பியைச் சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிட்டு வருகிறாயா என்று ஒரு வார்த்தை அவர் கேட்கவில்லை. "அவனும் வரட்டும், பட்டறையில எனக்கும் ஆள் வேணும்" என்று மட்டும் சொன்னார். அந்த மனுஷனைத்தான் பல்லி மாமா, மாமா என்று கூப்பிட்டுக்கொண்டு நிழல் மாதிரி பின்னாலேயே திரிந்தான். அவர்களுக்குக் குழந்தை இல்லை. இவனைத்தான் குழந்தையாக வைத்துக்கொண்டார்கள். மீசை முளைத்த பிறகும் அக்கா தட்டில் போட்டுக் கொடுத்தால்தான் சாப்பிடுவான், அப்படி ஒரு செல்லம்.

இவர்கள் பார்த்த வேலையைச் சொன்னால்தான் மற்றதெல்லாம் புரியும். வயசான கார்களை ஆசையாக வைத்திருக்கிற சிலர் உண்டு. நடுவில் எவனோ மாட்டிய ஏ.சி.யைக் கழற்று, துருப்பிடித்து ஒழுகுகிற ஹீட்டரைக் கழற்று, கம்பெனியிலிருந்து வந்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படி ஆக்கிக்கொடு என்று கொண்டுவந்து நிறுத்துவார்கள். மாட்டுவதற்கு ஆயிரம் பேர் கிடைப்பார்கள். கழற்றுவதற்குத்தான் ஆள் கிடையாது. ஏனென்றால் ஹீட்டர் பெட்டி ஆள் உட்காருகிற பக்கம் இருக்கும், அதைப் பிடித்திருக்கிற நட்டெல்லாம் இன்ஜின் பக்கம் இருக்கும், நடுவில் ஒரு தகரச் சுவர். ஒருத்தன் உள்ளே படுத்துக்கொண்டு பெட்டியைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். இன்னொருத்தன் பானெட்டுக்கு அடியில் குனிந்து நட்டைத் தளர்த்த வேண்டும். ஒருத்தன் முகம் ஒருத்தனுக்குத் தெரியாது.

பல்லி எப்போதும் உள்ளே. மாமா எப்போதும் வெளியே. மாமாவுக்குத் தொப்பை, டேஷ்போர்டுக்கு அடியில் நுழைந்தால் திரும்பி வெளியே வர இன்னொரு மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும் என்பான் பல்லி. குழாய் போகிற ஓட்டை வழியாகத்தான் இரண்டு பேரும் பேசிக்கொள்வார்கள். வேலையைப் பற்றிப் பேசியது கால்வாசி, மீதியெல்லாம் வம்பு. "மாமா, உங்க வேர்வை என் மூஞ்சியில சொட்டுது." "சொட்டட்டும்டா, இன்னைக்கு நீ குளிச்சிருக்க மாட்ட." இப்படியே போகும். பெட்டியை உள்பக்கம் இழுத்த பிறகு குழாய் இருந்த ஓட்டைகளை ரப்பர் மூடியால் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் இன்ஜின் சூடும் புகையும் ஆள் இருக்கிற பக்கம் வந்துவிடும். அந்த ரப்பர் மூடிகள் பல்லியின் சட்டைப் பையில்தான் கிடக்கும். உள்ளிருந்து அவனே பிதுக்கி ஏற்றி அமுக்கிவிட்டு, தகரத்தில் தட்டுவான். மாமா பானெட்டை மூடுவார். இத்தனை வருஷத்தில் இதை யார் செய்ய வேண்டும் என்று இருவரும் வாயைத் திறந்து பேசிக்கொண்டதே கிடையாது. பேசுவதற்கு என்ன அவசியம் வந்தது?

அவசியம் வந்தது அக்காவின் காரில்.

அக்காவின் கார் என்றுதான் சொல்ல வேண்டும். காயலான் கடையில் குப்பையாகக் கிடந்ததை மாமா எடுத்து வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் கொஞ்சமாக உயிர் கொடுத்து, அவளை உட்காரவைத்து ஓட்டிக்கொண்டு போனார். ரோஸ் கலரில் பெயின்ட் அடிக்கச் சொன்னாள், மாமா தலையில் அடித்துக்கொண்டு கடைசியில் வெளிர் பச்சைக்கு ஒப்புக்கொள்ள வைத்தார். அந்தக் காரில் யாரோ பிற்பாடு மாட்டிய ஏ.சி. ஒன்று இருந்தது. குளிர்ச்சி வராது, தண்ணீர் மட்டும் வரும், அதுவும் சரியாக அக்காவின் காலில். ஹீட்டர் பெட்டியிலிருந்து ரேடியேட்டர் தண்ணீரின் இனிப்பு நாற்றம் வேறு. "ஊருக்கெல்லாம் கழட்டிக் கொடுக்கறீங்க, என் கால்ல சொட்டறதை நிறுத்த ஒருத்தருக்கும் துப்பில்ல" என்று அவள் இடித்துக் காட்டிக்கொண்டே இருந்தாள். சரி, இரண்டையும் எடுத்துவிடலாம், காலை நீட்டிக்கொண்டு சொகுசாக உட்காரட்டும் என்று முடிவு செய்தார்கள்.

அன்றைக்குப் பார்த்து பல்லிக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. வலது பக்கம் திரும்ப முடியவில்லை. தைலம் தேய்த்துவிட்ட அக்கா புருஷனைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "இந்தாங்க, இன்னைக்கு அவனை அந்தப் பொந்துக்குள்ள படுக்க விடாதீங்க. பாவம், கழுத்தே திரும்பல."

"அப்ப நான் படுக்கவா? உள்ள போனா வருவேனா?"

"வராட்டி அங்கயே சோறு கொண்டுவந்து ஊட்டறேன், போங்க."

அப்படித்தான் இடம் மாறினார்கள். மாமா முக்கிக்கொண்டு உள்ளே போனார். பல்லி வெளியே நின்று நட்டைத் தளர்த்தினான். முதலில் ஏ.சி.யின் கூலிங் காயில், பிறகு காற்று ஊதுகிற மோட்டார், பிறகு ஹீட்டர் பெட்டி. பெட்டி வெளியே வரும்போது பழைய ஸ்பாஞ்செல்லாம் பொடிப்பொடியாக மாமாவின் முகத்தில் கொட்டியது. அவர் கெட்ட வார்த்தையில் திட்ட, இவன் பானெட்டைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தான். அதற்குள் அக்கா சாப்பிடக் கூப்பிட்டுவிட்டாள். ஆறிப்போனால் கத்துவாள் என்று இரண்டு பேரும் அப்படியே எழுந்து போனார்கள்.

சாப்பிட்டு வந்து மிச்சத்தை முடித்தார்கள். "என் பக்கம் முடிஞ்சுது மாமா" என்றான் பல்லி. "என் பக்கமும் முடிஞ்சுதுடா" என்றார் மாமா. அவர் கார்ப்பெட்டை இழுத்து விரித்தார், இவன் பானெட்டை மூடினான். ஓட்டை அடைப்பது பல்லி வேலை, ரப்பர் அவன் பையில்தானே இருக்கிறது, சாப்பிட்டு வந்ததும் வெளிப்பக்கமாகவே போட்டிருப்பான் என்று மாமா நினைத்துக்கொண்டார். ஓட்டை அடைப்பது உள்ளே இருக்கிறவன் வேலை, ரப்பரை எடுத்து சீட்டில் வைத்துவிட்டோம், மாமா போட்டிருப்பார் என்று பல்லி நினைத்துக்கொண்டான். அக்காவின் காலடியில், கார்ப்பெட்டுக்குப் பின்னால், ஓட்டை அப்படியே இருந்தது.

வெயில் காலம் முழுக்க ஒன்றும் ஆகவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் போவார்கள். நடுவில் ஓரிரு தடவை அக்கா கார்ப் பயணம் முடிந்து வந்து தலைவலி என்று படுத்தாள். "நடந்து போனா தலை வலிக்காது, கார்ல போனா மட்டும் வலிக்குமா?" என்று பல்லிதான் கிண்டல் செய்தான். இன்ஜினிலிருந்து சைலன்சர் குழாய் கிளம்புகிற இடத்தில் புகை கசியாமல் அடைத்திருக்கிற கேஸ்கெட் லேசாகப் போயிருந்தது, 'புஸ் புஸ்' என்று சத்தம் வந்தது. மாற்ற வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். வாடிக்கையாளர் காரென்றால் அன்றைக்கே மாற்றியிருப்பார்கள். சொந்தக் கார்தானே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கிடந்தது.

மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், மாமாவும் அக்காவும் எங்கேயோ போய்விட்டுத் திரும்புகிற வழியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் நிறுத்தினார்கள். நல்ல மழை. கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்தது. பேட்டரி வீக், அணைத்தால் திரும்பக் கிளம்பாது என்று மாமா இன்ஜினை ஓடவிட்டுவிட்டு இறங்கினார். "போயிட்டு வாங்க, நான் கொஞ்சம் கண்ணை மூடறேன்" என்றாள் அக்கா. கடைக்காரர் பழைய சிநேகிதர், விடமாட்டார், டீ வரவழைத்தார். மாமாவும் பேச்சுக் கிடைத்தால் விடமாட்டார். மழை வேறு ஓயட்டும் என்று நின்றுவிட்டார். திரும்பி வந்து ஏறியபோது அக்கா ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்திருந்தாள். தூங்குகிறாள் என்றுதான் நினைத்தார். தாமதத்துக்கு சமாதானம் சொல்லிக்கொண்டே வண்டியை எடுத்தார். பதில் வரவில்லை என்றதும், "கோவமா?" என்று கேட்டார். பாதி தூரம் வரைக்கும் செத்துப்போன பெண்டாட்டியிடம் பேசிக்கொண்டு வந்திருக்கிறார் அந்த மனுஷன். யாருக்கும் வரக்கூடாது.

புகைதான் காரணம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். விசாரிக்க வந்த அதிகாரி காரைச் சுற்றிப் பார்த்தார், பானெட்டைத் திறந்து பார்த்தார், கேஸ்கெட் போயிருந்ததைப் பார்த்தார். "இவ்வளவு பழைய வண்டியில ஆளை உக்காரவச்சு, கண்ணாடியை ஏத்தி, இன்ஜினை ஓடவிட்டுப் போயிருக்கீங்களே, நீங்க மெக்கானிக்தானே?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். மாமா, "ஆமா சார், என் தப்புதான்" என்றார். சொந்தபந்தம் முழுக்க அதைக் கேட்டுக்கொண்டு நின்றது. அன்றிலிருந்து அந்தப் பேச்சு அவர் தலையில் ஏறிக்கொண்டது. பெண்டாட்டியைக் காரில் பூட்டிவிட்டு டீ குடித்தவன் என்று அவர் காதுபடவே சொன்னவர்கள் உண்டு.

பல்லிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் ஒரு சந்தேகம் அவனை அரித்துக்கொண்டே இருந்தது. கேஸ்கெட் போனால் புகை இன்ஜின் பக்கம்தானே சுற்றும், உள்ளே எப்படி வந்தது? வந்தவர்களெல்லாம் கிளம்பிப் போன பிறகு, பட்டறைக்குப் போய், முன்சீட்டைக் கழற்றாமலே அந்தப் பக்கம் படுத்து, கார்ப்பெட்டைத் தூக்கிக் கையை விட்டான். ஓட்டை மூடியிருந்தது. அப்பாடா என்று ஒரு நொடி இருந்தது. அடுத்த நொடி விரல் ரப்பரைத் தடவியது. மூடி தலைகீழாகப் போட்டிருந்தது. அகலமான பக்கம் உள்ளே வர வேண்டும், அது இன்ஜின் பக்கம் போயிருந்தது. இந்த வேலையைச் செய்து பழக்கமில்லாத கை போட்டது. ரப்பரும் புதுசு, கொஞ்சம்கூட அழுக்கில்லை, அந்தக் காரோடு ஒரு நாள்கூட ஓடாத ரப்பர்.

அக்கா போன பிறகு, அதிகாரி வருவதற்கு முன்னால், மாமா வந்து மூடியிருக்கிறார். அன்றைக்கு உள்ளே இருந்தது அவர், மறந்தது அவர், இப்போது ஒன்றும் தெரியாதவர் மாதிரி மூடியும் வைத்துவிட்டார். இன்ஜினை ஓடவிட்டதைத் தப்பு என்று எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டது எதற்கு? பெரிய தப்பை மறைக்கத்தான். பல்லி அப்படித்தான் நினைத்தான். அங்கேயே படுத்துக்கிடந்து பல்லைக் கடித்தான். அழுகை வரவேண்டிய இடத்தில் ஆத்திரம் வந்தது. வந்தது வந்ததுதான், போகவே இல்லை.

கேட்டிருக்கலாம். அன்றைக்கே போய், "மாமா, இந்த ரப்பரை யார் போட்டது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லையே, என்ன செய்ய. அவரே வந்து சொல்லட்டும் என்று வைராக்கியமாக இருந்தான். கொஞ்ச நாளில் தனியாக ஒரு ஷெட் பிடித்துப் போய்விட்டான். காரணம் கேட்டவர்களிடம் இடம் பத்தவில்லை என்றான். ஹீட்டர் கழற்றுகிற வேலை வந்தால் எடுக்கமாட்டான், மாட்டுகிற வேலை மட்டும்தான். மாமாவைத் தெருவில் பார்த்தால் "சாப்பிட்டீங்களா?" என்பான். அவரும் "ஆச்சு" என்பார். வேறு பேச்சு கிடையாது. மாமா அடிக்கடி அவனுடைய ஷெட் வாசல் வரைக்கும் வருவார், ஏதோ கேட்க வந்தவர் மாதிரி நிற்பார், ஒரு ஸ்பானரைக் கையில் எடுத்துப் பார்ப்பார், வைத்துவிட்டுப் போவார். நெஞ்சு உறுத்துகிறது, உறுத்தட்டும் என்று பல்லி குனிந்த தலை நிமிர மாட்டான்.

அவனுடைய பெண்டாட்டிதான் மாமாவுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு வருவாள். "பெத்த பிள்ளை மாதிரி பார்த்துக்கிட்டவரு. அப்படி என்னங்க பண்ணிட்டாரு?" என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள். அவளிடமும் அவன் சொல்லவில்லை. சொன்னால் ஊருக்குத் தெரிந்துவிடும், அக்காவின் புருஷன் மேல் அப்படி ஒரு பழி வந்தால் அக்காவுக்கே அவமானம் என்று நினைத்தான். மனசுக்குள் அவரைத் தினமும் கரித்துக் கொட்டிக்கொண்டு, வெளியே அவர் பேரைக் காப்பாற்றினான்.

வருஷங்கள் ஓடின. பல்லிக்கு முன்மண்டை வழுக்கை விழுந்தது. மாமாவுக்கு இருதயம் பலவீனமாகி, நடந்தால் மூச்சு வாங்கி, கடைசியில் கட்டிலோடு கிடந்தார். தொப்பையெல்லாம் போய் எலும்பும் தோலுமாக இருந்தார். ஒரு சாயங்காலம் பெண்டாட்டி வந்து, "உங்களைப் பார்க்கணும்னு கேட்கறாரு. இன்னைக்குப் போகலைன்னா உங்களோட நான் பேசறதா இல்ல" என்றாள். போனான்.

அதே வீடு, அதே அறை. ஜன்னலோரக் கட்டிலில் மாமா சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூன்று வார்த்தைக்கு ஒரு தடவை நிறுத்தி மூச்சு விட்டுப் பேசினார்.

"உக்காருடா. இவ்வளவு நாளா நீயே வந்து சொல்லுவேன்னு பார்த்தேன். நீ வரல. நான் போயிட்டா அப்புறம் உனக்கு மனசு ஆறாது. அதான் நானே கேட்டுடறேன்."

"என்ன மாமா?"

"அந்த ரப்பர்தான்."

பல்லி கட்டிலுக்கு இன்னும் பக்கத்தில் நகர்ந்தான். சொல்லப்போகிறார். இத்தனை வருஷம் காத்திருந்தது இதற்குத்தான்.

"அக்காவை ஆஸ்பத்திரியில விட்டுட்டு நேரா போய் அந்த இடத்தைத்தான் பார்த்தேன். நீ மூடாம விட்டிருந்தே. கழுத்து வலியில மறந்துட்டே போல, பாவம்னு நினைச்சேன். மறுநாள் ஆளுங்க வந்து பார்ப்பாங்களே, தம்பியே அக்காவைக் கொன்னுட்டான்னு ஊரு பேசுமேன்னு, நானே ஒரு ரப்பரைத் தேடி எடுத்து மூடிட்டேன். எனக்குப் போடத் தெரியல, அரைமணி நேரம் போராடினேன்." லேசாகச் சிரிக்கப் பார்த்தார். இருமல் வந்தது. "இன்ஜினை ஓடவிட்டது நான்தானே, அது என் மேலயே இருக்கட்டும்னு விட்டுட்டேன். நீ என் மூஞ்சியைப் பார்க்க முடியாம தனியா போனப்போ எனக்குப் புரிஞ்சுது. குத்த உணர்ச்சி, பாவம், போகட்டும்னு இருந்தேன். உன் மேல எனக்கு ஒரு நாளும் கோவம் இல்லடா. அதைச் சொல்லத்தான் உன் ஷெட்டுக்கு வருவேன். வந்தா வாய் வராது."

'உள்ள இருந்தது நீங்கதானே மாமா' என்ற வார்த்தை பல்லியின் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ரப்பரை எடுத்து உங்க சீட்டுல வச்சேனே. வச்சேனா? இத்தனை வருஷமும் வைத்தேன், வைத்தேன் என்று தனக்குத்தானே சத்தியம் செய்துகொண்டிருந்தான். இப்போது அந்த மனுஷன் முகத்துக்கு நேரே நினைத்துப் பார்த்தால், அக்கா சாப்பிடக் கூப்பிட்டது ஞாபகம் வருகிறது, கை கழுவியது ஞாபகம் வருகிறது, சீட்டில் ரப்பரை வைத்தது மட்டும் கண்ணில் நிற்கவில்லை. வைத்திருக்கலாம். பையிலேயே இருந்திருக்கலாம்.

மாமா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் குற்றம் சாட்டுகிற பார்வையே இல்லை. பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளையைப் பார்க்கிற மாதிரி, சொல்லு, பரவாயில்லை என்று காத்துக்கொண்டிருந்தார். இவரிடம் போய், உள்ளே இருந்தது நீங்கள், உங்கள் கையால்தான் அவள் போனாள் என்று இந்த நிலைமையில் எப்படிச் சொல்வது? சொன்னால் அதை வைத்துக்கொண்டு அவர் எத்தனை நாள் இருப்பார்?

"ஆமா மாமா" என்றான் பல்லி. "நான்தான் விட்டுட்டேன்."

மாமா கண்ணை மூடிக்கொண்டார். கண்ணோரத்தில் தண்ணீர் இறங்கியது. "சொல்லிட்ட. இதை உன் வாயால கேட்கணும்னுதான் உசுரைப் பிடிச்சிட்டிருந்தேன்" என்றார். கையை நீட்டி அவன் தலையைத் தொட்டார். "அவ இருந்திருந்தா உன்னை ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டா. என்னைத்தான் திட்டியிருப்பா, அவனை ஏன் வேலை செய்ய விட்டீங்க, கழுத்து வலிக்குதுன்னு சொன்னேனேன்னு."

அக்காவின் குரலே கேட்ட மாதிரி இருந்தது பல்லிக்கு. அவள் அப்படித்தான் சொல்லியிருப்பாள், அதே வார்த்தையில். அவள் போன நாளிலிருந்து இரண்டு பேரும் அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. மாமா தூங்குகிற வரைக்கும் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தான்.

தன் வீட்டு வாசற்படியில் கால் வைத்தவன் அதற்கு மேல் நடக்க முடியாமல் அங்கேயே உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொள்ளாமல், சத்தம் போட்டு அழ ஆரம்பித்தான். பெண்டாட்டி உள்ளேயிருந்து ஓடிவந்தாள். அக்கம்பக்கத்தில் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். மாமாவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துபோய், அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"என்னங்க ஆச்சு? சொல்லுங்க, என்ன ஆச்சு?"

"அக்கா செத்துட்டா" என்றான்.